‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

(“வெளிநாட்டுத் தொண்டூழியத்திற்குத் துணை நிற்பது இறைநம்பிக்கையா, திட்டமிடலா?” என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



என்னை ‘இறைநம்பிக்கை’ அணியில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரணியிலிருந்து பேசிய தம்பி, வெளிநாட்டுக்குத் தொண்டூழியம் செய்யப் போகிறவர்களுக்கு வேண்டியது பணம், ஆள், காப்புறுதி, முதலுதவிப் பெட்டி, மற்றதெல்லாம் மனத்துக்கு ஆறுதல் என்று அழகாகச் சொல்லிவிட்டு அமர்ந்தார். அரங்கில் பலத்த கைத்தட்டல். நானும்தான் தட்டினேன். அவர் சொன்ன முதலுதவிப் பெட்டியை நானும் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போகிறவள். ஆனால் அந்தப் பெட்டியை எடுத்து வைப்பது ஒரு வேலை, கடவுளை நம்புவது வேறு வேலை என்று அவர் பிரித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மாறுபாடு. இதுவா அதுவா என்று கேட்பது பட்டிமன்றத்துக்கு வசதி. விடியற்காலையில் படகுத்துறையில் பதினெட்டுப் பேரின் கடப்பிதழ்களை எண்ணிக்கொண்டு நிற்கும்போது அந்த வசதி கிடைப்பதில்லை.

எங்கள் தேவாலயத்திலிருந்து பாத்தாம் தீவுக்கு வீடு கட்டக் குழுக்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதனால்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள், பேச்சுத் திறமைக்காக அல்ல. பாத்தாமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்பர்ஃபிரண்டில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் கரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் அந்த நேரமும் திரும்பக் கிடைத்துவிடும். நம்மில் பலருக்கு அது கடலுணவு, கடைத்தொகுதி, கோல்ஃப் திடல் உள்ள ஊர். தொழிற்சாலை வேலையைத் தேடி ஜாவா, சுமத்ரா, புளோரஸ் என்று எங்கெங்கிருந்தோ அங்கே வந்தவர்கள் பலகையும் தகரமும் வைத்து அடித்துக்கொண்ட குடிசைகள் உல்லாச விடுதிப் பக்கம் தெரிவதில்லை. அவற்றை அங்கே ‘ரூமா லியார்’ என்பார்கள். சுருக்கமாக ‘ரூலி’. ‘காட்டு வீடு’ என்று நேரடியாகப் பொருள் கொள்ளலாம். அனுமதியில்லாமல் முளைத்த வீடு என்பது கருத்து. காட்டுச் செடி என்று நாம் சொல்கிறோமே, அப்படி.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு பெற்றோர்களைக் கூட்டி விளக்கம் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு முறை ஒரு தாயார் கடைசிவரை ஒன்றும் பேசாமல் இருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, “அக்கா, ஒரே பிள்ளை. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற தேவாலயப் பெரியவர் ஒருவர், “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்” என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார், ஆனால் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது, நீ பார்த்துக்கொள்வாயா என்பதை.

நம் தமிழில் இதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை, மனிதர்மேல் வைப்பதும் நம்பிக்கை. நாங்கள் கிறிஸ்தவர்கள் தேவாலயத்திற்குள் ‘விசுவாசம்’ என்று ஒரு தனிச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். வாசலைத் தாண்டியதும் எங்களுக்கும் நம்பிக்கைதான். ‘உங்களை நம்பி வந்தேன்’ என்று கோயிலில் நின்று சாமியிடமும் சொல்கிறோம், கடன் கேட்டு மாமாவிடமும் சொல்கிறோம். ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குகிறவருக்கு இந்தச் சொல் இரண்டு பக்கமும் கூர். நான் ஒருவரை நம்புகிறேன். என்னைப் பதினெட்டுப் பேர் நம்புகிறார்கள். மேலே நான் வைக்கும் நம்பிக்கையைக் காட்டி, கீழே இவர்கள் என்மேல் வைத்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான், நடுவர் அவர்களே. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வீடு கட்டும் பணிக்கு எங்களுக்கு வேதாகமத்தில் ஒரு முன்னோடி உண்டு. நெகேமியா. இடிந்து கிடந்த எருசலேமின் மதிலைக் கட்டப் பாரசீக அரசனிடம் விடுப்பு வாங்கிக்கொண்டு போனவர். அவர் எடுத்ததற்கெல்லாம் ஜெபம் செய்கிறவர். அரசன் கேள்வி கேட்கும்போதுகூட, பதில் சொல்வதற்கு முன் மனத்துக்குள் ஜெபம். ஆனால் ஜெபம் முடிந்தவுடன் வாய் திறந்து என்ன கேட்டார்? வழியில் உள்ள ஆளுநர்களுக்குக் காட்ட அனுமதிக் கடிதம் கேட்டார். வாசல்களுக்கு மரம் வேண்டும், அரசனுடைய காட்டை மேற்பார்ப்பவருக்கு ஓலை கொடுங்கள் என்றார். ஊருக்குப் போனதும் கூட்டம் போட்டு முழங்கவில்லை. இரவில் ஓரிரு ஆட்களோடு போய் மதில் எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். பகைவர்கள் மிரட்டியபோது ஜெபமும் செய்தார், இரவு பகலாகக் காவலும் வைத்தார். 52 நாளில் மதில் எழுந்தது. அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் முழுவதும் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற பெயர்ப் பட்டியல்தான். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் எல்லோரும் தாண்டிப் போகும் அதிகாரம் அது. குழுத் தலைவர்கள் தாண்டக்கூடாது.

இஸ்லாமிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒட்டகத்தை நினைவூட்டுவார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படி நபிகள் நாயகம் சொன்னார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. சைவர்களுக்கு அப்பர் இருக்கிறார். பாட்டுப் பாடித் துதித்ததோடு நிற்காமல், கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டு கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர். இன்றும் நம் ஊர்க் கோயில்களில் உழவாரப் பணி என்று இளைஞர்கள் கூடுகிறார்களே, அது அவர் கையில் இருந்த கருவியின் பெயர்.

ஆகவே எதிரணித் தம்பிக்கு நான் சொல்வது: உங்கள் பட்டியலை நான் மறுக்கவில்லை. நானே இன்னும் நாலு சேர்க்கிறேன். கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கிறதா? டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? அங்கே செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற விசாவா, சுற்றுலா விசாவா? யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் கடலை ஒவ்வாது? இதையெல்லாம் நான் கடவுள் நம்பிக்கை இருப்பதால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் அவருடையவர்கள் என்று நம்பினால், அவர்களை அலட்சியமாக அழைத்துக்கொண்டு போக எப்படி மனம் வரும்?

பட்டியல் முடிகிற இடம் ஒன்று வரும். அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் எங்களுக்குத் தலைவர் நானல்ல, அங்குள்ள கொத்தனார். ‘துக்காங்’ என்பார்கள். நம் வீடுகளிலும் அந்தச் சொல் புழங்குவதுதான். முதல் நாள் எங்கள் பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மணலைக் குவித்து, சிமெண்டைக் கொட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, கரை உடையாமல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கலக்க வேண்டும். தொடக்கக் கல்லூரியில் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கிய பிள்ளைக்கு முதல் கலவை ஆறாக ஓடிவிட்டது. துக்காங் சிரிக்கவில்லை. ஓடிய கலவையை வழித்து, மணல் சேர்த்து, திரும்பக் கலந்து காட்டினார். அவர் பேசியது நாலு சொல் இருக்கும்.

இரண்டாவது குழுவில் ஒரு பக்கச் சுவரை எங்கள் இளைஞர்கள் மூன்று வரிசை எழுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்காங் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு சுவரை விட்டு விலகி நின்றது. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. “போங்கார்” என்றார். பிரித்துவிடுங்கள் என்று அர்த்தம். கலவை இறுகுவதற்குள் கல்லை எடுத்தால்தான் கல்லாவது மிஞ்சும். ஒரு பையன் என்னிடம் வந்து, “ஆன்ட்டி, கொஞ்சம்தான சாஞ்சிருக்கு, மேல பூசுனா தெரியாதே” என்றான். அந்த வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு கல்லைப் பிரிக்க உட்கார்ந்தேன். பையனும் உட்கார்ந்தான்.

அன்று இரவு தியான நேரத்தில் அந்தப் பையன் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. கடவுளுக்காகச் செய்யும் வேலையை அவர் ஏன் நேராக நிற்க விடவில்லை என்று கேட்டான். நல்ல எண்ணத்தோடு செய்தால் கடவுள் ஆசீர்வதிப்பார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நாம்தானே? அந்தக் கேள்வி நியாயமானது. நான் சொன்னது: நம் எண்ணத்துக்காக அந்தச் சுவர் இல்லை, அதற்குள் படுத்துத் தூங்கப் போகிற குழந்தைகளுக்காக இருக்கிறது. அவர்கள் தலைமேல் விழாத சுவர் வேண்டும் என்று கடவுள் நினைத்தால், அந்தத் தூக்குக்குண்டில்தான் அவர் நமக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு முறை நடந்தது வேறு மாதிரி. மழைக்காலம். மண் பாதை சேறாகி, கல் ஏற்றிய லாரி வரவில்லை. காலை போயிற்று, மதியமும் போயிற்று. நான் மாற்று ஏற்பாடு ஒன்று வைத்திருந்தேன். வடிகால் வெட்டும் வேலை. அது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் என்றால் சாதாரணமா? ஒவ்வொருவரும் விடுப்பு எடுத்து, பணம் கட்டி வந்தவர்கள். எல்லோர் கண்ணும் என்மேல். என் பட்டியலில் அதற்குமேல் ஒரு வரி இல்லை.

அப்போது அந்த வீட்டுக்கார அம்மா பெரிய கெட்டிலில் தேநீர் கொண்டுவந்தார். சீனி அதிகம். பதினெட்டுப் பேருக்கும் குவளை இல்லை. குடித்துவிட்டுக் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தோம். “சபார்” என்றார், பொறுமை என்று. பல ஆண்டுகளாக ஒழுகும் தகரத்துக்கடியில் காத்திருந்தவர், ஒரு நாள் காத்திருக்க முடியாத எங்களுக்குச் சொல்கிறார். மறுநாள் மதியம் லாரி வந்தது. அது அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். வெயில் அடித்தது, பாதை காய்ந்தது, லாரி வந்தது. எனக்கு நம்பிக்கை துணை நின்றது லாரி வந்தபோது அல்ல, வராதபோது. வேலை நடந்தே ஆக வேண்டும், நடக்காவிட்டால் தலைவி தோற்றுவிட்டாள் என்ற பயம் ஒன்று குழுத் தலைவர்களுக்கு இருக்கும். அந்தப் பயம் பொல்லாதது. மழையில் சாரத்தில் ஏற வைக்கும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை மண்வெட்டி பிடிக்க வைக்கும். இந்த வேலை என் வேலையல்ல, அவருடைய வேலை என்று நம்புகிறவருக்குச் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியும். எத்தனை திட்டம் போட்டாலும் அந்தத் தைரியம் திட்டத்திலிருந்து வராது, தம்பி.

பெரியவர்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். பதவியிலிருந்து இறங்கியபின் சொந்த ஊர் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். 1984 முதல் ‘ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்போடு ஆண்டுதோறும் ஒரு வாரம், மனைவி ரோசலினோடு, தச்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏழைகளுக்கு வீடு கட்டப் போவார். பிலிப்பைன்ஸ், தென்கொரியா, தாய்லாந்து, ஹைத்தி என்று போனார். 2006ஆம் ஆண்டு இந்தியாவில் லோனாவ்லாவுக்கு அருகே உள்ள மளவ்லி கிராமத்துக்கும் வந்தார். 2019 அக்டோபரில், 95 வயது நிறைந்த சில நாளில், வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேலே 14 தையல் போட்டார்கள். அன்று மாலையே நாஷ்வில் நகரில் வீடு கட்டும் தொண்டூழியர்கள் கூட்டத்திற்கு, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன முகத்தோடு வந்துவிட்டார். 2024 டிசம்பர் 29ஆம் தேதி, தம் 100ஆவது வயதில் மறைந்தார்.

இந்தக் கதையை எங்கள் கூட்டங்களில் எல்லோரும் சொல்வார்கள். அதே மனிதரின் 2015ஆம் ஆண்டுக் கதையை யாரும் சொல்வதில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நேப்பாளத்தின் சித்வான் பகுதியில் அவர் தலைமையில் வீடு கட்டுவதாக ஏற்பாடு. ஏப்ரலில் அங்கே பெரும் நிலநடுக்கம் வேறு வந்துவிட்டது. ஆகஸ்டில் கார்ட்டருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போதும் போக ஆசைப்பட்டார். ஆனால் புதிய அரசியல் சட்டத்தை ஒட்டி நேப்பாளத்தில் கிளர்ச்சி, எல்லையில் முடக்கம், எரிபொருள் தட்டுப்பாடு. அக்டோபரில் அந்த அமைப்பு பயணத்தையே ரத்து செய்தது. உலகமெங்கும் இருந்து பணம் திரட்டிப் புறப்படத் தயாராக இருந்த தொண்டூழியர்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! இத்தனை பேர் ஜெபம் செய்தார்களே, நம்பிக்கை இருந்தால் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே போதாத எரிபொருளை அவர்களோடு போட்டி போட்டு வாங்கியிருப்பார்கள். கார்ட்டரும் மனைவியும் நவம்பரில் மெம்ஃபிஸ் நகரில் ஒரு நாள் சுத்தியல் பிடித்தார்கள். 14 தையலோடு வந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் போகாமல் இருந்ததில்தான் எனக்கு அதிகப் பாடம் இருக்கிறது.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரு கேள்வி பாக்கி. எதிரணியில் யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் கடினமான கேள்வி. நீங்கள் போக வேண்டுமா? படகுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, டி-சட்டை, இதையெல்லாம் கூட்டி அந்தப் பணத்தை அங்கேயே அனுப்பினால் துக்காங் இன்னும் நன்றாக, இன்னும் விரைவாக, நேரான சுவரோடு கட்டிக் கொடுப்பாரே?

1998இல் மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்காவிலிருந்து தேவாலயக் குழுக்கள் வீடு கட்ட அங்கே போயின. சில வீடுகளை அந்தக் குழுக்கள் கட்டின, சிலவற்றை உள்ளூர்க்காரர்களே கட்டினார்கள். கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் இரண்டு வகை வீட்டுக் குடும்பங்களையும், போய் வந்தவர்களையும் விசாரித்து, முடிவை 2006ஆம் ஆண்டு வெளியிட்டார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் ஒரு வித்தியாசமும் அவருக்குத் தென்படவில்லை. பயணச் செலவை அனுப்பியிருந்தால் இன்னும் பல வீடுகள் கட்டியிருக்கலாம் என்று அங்குள்ளவர்களில் பலர் சொன்னார்கள். போய் வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களின் காணிக்கையிலும் ஜெபத்திலும் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னவர் நாத்திகர் அல்ல, எங்கள் ஆள்.

இந்த ஆய்வை எங்கள் குழுவில் படித்துக் காட்டியபோது சிலருக்குக் கோபம் வந்தது. “கடவுள் அழைத்தார், போகிறோம், கணக்குப் பார்க்காதீர்கள்” என்றார் ஒருவர். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் எங்கள் ஆண்டவரே. கணக்கைக் கண்டு பயப்படும் நம்பிக்கை எனக்கு வேண்டாம். அதன்பின் எங்கள் குழுவில் ஒரு நடைமுறை வைத்தோம். வீட்டுக்கு வேண்டிய கல், சிமெண்டு, கூரை, கொத்தனார் கூலி, இந்தப் பணம் முழுவதும் சேர்ந்த பிறகுதான் படகுச் சீட்டு. பணம் சேர்ந்து ஆள் சேராவிட்டால் பணம் போகும், நாங்கள் போக மாட்டோம். ஆள் சேர்ந்து பணம் சேராவிட்டால் யாரும் போவதில்லை. 2020இல் கொவிட் கிருமித்தொற்றால் படகுகள் நின்றபோது இந்த நடைமுறை கைகொடுத்தது. நாங்கள் போகாமலே பணம் போயிற்று.

பிறகு எதற்காகப் போகிறீர்கள் என்றால், எனக்குத் தெரிந்த பதில் சிறியது. பக்கத்து வீடு அது. அங்கிருந்து நம் வீடுகளுக்குப் பணிப்பெண்கள் வருகிறார்கள். அந்த நாட்டவர் நம் வீட்டைத் துடைக்கும்போது அவர்களுடைய வீடு எப்படி இருக்கிறது என்று நம் பிள்ளைகள் ஒருமுறையாவது நேரில் பார்க்கட்டும். கூலி கொடுத்துக் கூப்பிடும் உறவு ஒன்றுதான் நமக்குத் தெரியும். மூன்று நாள் அவர்களிடம் வேலை கேட்டு நின்று, “போங்கார்” என்று சொல்லக் கேட்டு வருவது வேறு உறவு. ‘கோத்தோங் ரோயோங்’ என்று நாம் கம்பத்துக் காலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோமே, அது அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் பதினெட்டுப் பேர் போனால், சொல்லாமலே பக்கத்து வீட்டு ஆண்கள் ஆறு பேர் வேலை முடிந்து வந்து சாந்துச் சட்டி தூக்குவார்கள்.

ஹேபிடேட் அமைப்பை 1976இல் தொடங்கிய மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா தம்பதியர் வகுத்த வழியிலும் எனக்குப் பிடித்தது இந்தச் சமத்துவம்தான். ஃபுல்லர் முப்பது வயதுக்கு முன்பே மில்லியன் டாலர் சேர்த்தவர். குடும்பம் உடையும் நிலை வந்தபோது அத்தனையையும் கொடுத்துவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உழைத்து வாழ்ந்த கொய்னோனியா பண்ணைக்குப் போனார். அங்கே கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற போதகரோடு பேசிப் பேசி உருவான யோசனை: வீட்டை இனாமாகக் கொடுக்காதே, லாபமும் வைக்காதே, வட்டியும் வாங்காதே. வீட்டுக்காரரும் உழைக்கட்டும், தவணை கட்டட்டும், அந்தத் தவணை அடுத்தவருக்கு வீடாகட்டும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்பது மோசேயின் சட்டம். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த ஊர் நம்முடையது. வட்டியில்லாக் கடன் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, இந்த அரங்கில் பலர் மனத்தில் இருந்தும் கேட்கத் தயங்குகிற ஒன்று. வீடு கட்டும் சாக்கில் மதம் மாற்றவா போகிறீர்கள்? பல்லினச் சமுதாயத்தில் வாழும் நமக்கு இது சின்னக் கேள்வி அல்ல. கேட்க வேண்டிய கேள்விதான். ஹேபிடேட் அமைப்பு கிறிஸ்தவ அமைப்புதான். ஆனாலும் உதவி பெறுகிறவர் மதம் மாற வேண்டும், பிரசங்கம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் வைக்கக்கூடாது என்பது அதன் கொள்கை. எங்கள் சிறிய குழுவிலும் அதே விதி. பைக்குள் துண்டுப்பிரசுரம் இருந்தால் படகு ஏறுமுன் எடுத்து வைத்துவிட வேண்டும். வீடில்லாதவரிடம் வீட்டைக் காட்டி ‘என் சாமியைக் கும்பிடு’ என்று கேட்பது நம்பிக்கை அல்ல, வியாபாரம். என் கடவுள் பெரியவர் என்று நான் உண்மையில் நம்பினால், அவருக்காகப் பேரம் பேச வேண்டிய அவசியம் எனக்கு ஏன் வர வேண்டும்? எங்கள் தேவாலயத்திலேயே சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்களை மதிக்கிறேன். அவர்கள் வேறு பயணத்துக்குத் தலைமை தாங்கலாம்.

நாங்கள் காலையில் விடுதியில் எங்கள் ஜெபத்தை முடித்துவிட்டுப் போவோம். எங்களோடு வரும் இந்து நண்பர்கள் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வருவார்கள். வேலைக்கு நடுவே பாங்கு சொன்னால் துக்காங் கரணையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நாங்கள் கலவை இறுகாமல் கிளறிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் கிளறத் தவறினால் அவர் தொழுதுவிட்டு வந்து திட்டுவார். திட்ட உரிமை உள்ளவர்.

பெரும்பாலும் நாங்கள் திரும்பும் நாளில் வீடு முடிந்திருக்காது. சன்னல் மட்டத்துக்குச் சுவர் நிற்கும், அடுத்த வரிசைக்கு நூல் கட்டியிருக்கும். கூரையை வேறு குழு போடும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர்கள் போடுவார்கள். குடிபுகும் நாளில் அவர்கள் முறைப்படி துஆ ஓதி, அக்கம்பக்கத்தாருக்குச் சோறு போடுவார்கள். நாங்கள் அங்கே இருக்க மாட்டோம். கைப்பேசியில் படம் வந்தால் உண்டு, வராமலும் போகும். புறப்படும்போது கையுறைகளையும் மண்வெட்டிகளையும் கழுவி துக்காங்கிடம் கணக்கு ஒப்படைத்துவிட்டு, பதினெட்டுக் கடப்பிதழ்களை மறுபடி எண்ணுவேன். அடுத்த பயணத்துக்குக் கல், சிமெண்டு, கூரை, கூலி என்று நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கூரைப் பணம் சேரவில்லை. ஆகவே படகுச் சீட்டு இன்னும் வாங்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள்.